கீரிப்பிள்ளையின் தசமபாகம்

கீரிப்பிள்ளைக்கு மஞ்சள் காலுறை. அது ஓடும், தாவும், முள்ளில் விழுந்து சாகும், மூன்று எண்ணுவதற்குள் எழுந்து மறுபடி ஓடும். எனக்கு அந்த வீடியோ விளையாட்டில் சாவே கிடையாது. நான் மின்மினி. கீரியின் தலைக்கு ஒரு சாண் மேலே பறந்துகொண்டு, அதற்கு எட்டாத இடத்தில் தொங்கும் காசுகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என் உத்தியோகம். விழமாட்டேன், அடிபடமாட்டேன், யாரையும் அடிக்கவும் மாட்டேன்.

“இது பேரன்ட்ஸுக்குன்னே செஞ்ச கேரக்டர் டாடி. யாரும் உங்கள ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள் மகள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

மின்மினி என்னைப் போலவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் நிற்காது. நானும் நிற்கமாட்டேன். சோற்றுக்கு உட்கார்ந்தால் தண்ணீர் எடுக்க எழுவேன், தண்ணீருக்குப் போனவன் ஜன்னலுக்குப் போவேன், ஜன்னலில் ஒரு வரி வரும், அதைக் குறித்துக்கொள்ளப் பேனா தேடுவேன், பேனா கிடைக்கும்போது வரி போயிருக்கும், சோறு ஆறியிருக்கும். இப்படி வாழ்ந்து சேர்த்த வரிகள் இரண்டு வசன கவிதைப் புத்தகங்களாக வந்தன. மீதிப் பிரதிகள் எங்கள் லாலாகூடா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நாப்தலீன் உருண்டைகளோடு நலமாக இருக்கின்றன. பகலில் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. மாத்திரைப் பெட்டிக்குள் நாலாய் எட்டாய் மடித்து ஒரு காகிதம் வைப்பார்களே, அதிலுள்ள எச்சரிக்கைகள் ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஆக, யாரும் படிக்காத இரண்டு வகை எழுத்தில் எனக்கு நீண்ட அனுபவம்.

மகள் பொறியியல் முடித்துவிட்டு, வேலைக்கான கடிதத்துக்குக் காத்திருந்த மாதங்கள் அவை. பயிற்சிக் காலத்தில் கிடைத்த பணத்தில் பேட்னி பக்கம் ஒரு கடையில் பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்து ஹாலில் டிவியோடு மாட்டினாள். கூட வந்தது இந்த ஒரு விளையாட்டுதான். மேடைக்கு மேடை தாவவேண்டும், இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். ஏழு உலகங்கள். முதல் உலகத்தின் முதல் காட்சியிலேயே, கடலுக்கு அப்பால், தூரத்தில், ஒரு தீவும் அதில் ஒரு விளக்கும் தெரியும். கடைசி ஊரில் படகுக்காரனுக்குக் கூலி கொடுத்தால் அங்கே போகலாம். கூலி எவ்வளவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

காசுகளில் இரண்டு ஜாதி. பித்தளைக் காசு எங்கே பார்த்தாலும் கொட்டிக் கிடக்கும். நூறு சேர்ந்தால் கீரிக்கு ஓர் உயிர் கூடும். எடுத்தாலும் மறுமுறை வரும்போது அங்கேயே இருக்கும், ஊர்ப் புறாக்களைப் போல. வெள்ளிக்காசு அப்படியில்லை. ஓர் உலகத்துக்கு முப்பதுதான். அருவிக்குப் பின்னால், மணிக்கூண்டின் உச்சியில், மூடிய சன்னலுக்குள் என்று ஒளித்து வைத்திருப்பார்கள். எடுத்தால் எடுத்ததுதான், அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது.

முப்பது வெள்ளிக்காசு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து செகந்திராபாத்தில் வேர்விட்ட சபைக் குடும்பம் எங்களுடையது. ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் அந்த எண்ணிக்கையைக் கேட்டால் முகம் மாறும். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனின் கூலி அது. முதல் உலகத்தில் முப்பதாவது காசைப் பொறுக்கியபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. சிரிப்பீர்கள். சிரியுங்கள். ‘நான் எதையும் நம்பவில்லை’ என்று மூன்று வெவ்வேறு கவிதைகளில் அறிவித்திருக்கிறேன். ஆனாலும் ஒன்றாந்தேதி சம்பளம் வந்ததும் பத்தில் ஒரு பங்கை, தசமபாகம் என்று சபைக்காகக் கவரில் போட்டு அலமாரியில் வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படி வளர்த்துவிட்டார்கள். கை செய்துவிடும். நான் வேண்டுமானால் பக்கத்தில் நின்று நம்பாமல் இருந்துகொள்ளலாம்.

“கவிதைல நாஸ்திகன், கவர்ல விசுவாசி” என்பாள் என் மனைவி. தூத்துக்குடிக்காரி, பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் வாயில் வரும் ஒரு வரிக்காக நான் மூன்று நாள் ஜன்னலில் நிற்கவேண்டியிருக்கும்.

ஒவ்வொரு உலகத்தின் ஊரிலும் ஒரு கிணறு இருந்தது. பாசி பிடித்த கைப்பிடிச் சுவர், சுவர்மேல் ஏழு தவளைகள். பக்கத்தில் பறந்தால் ஒரு பொத்தானின் படம் மினுங்கும், அழுத்து அழுத்து என்று. முதல் உலகம் முடிந்த அன்று மகள் மேகி கிண்ட அடுக்களைக்குப் போயிருந்தாள். நான் அழுத்தினேன். மஞ்சள் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஏதோ மூன்று வரி இங்கிலீஷ் வந்தது. சரி என்பதை அழுத்தினேன். ஒரு வெள்ளிக்காசு கிணற்றுக்குள் போயிற்று. எங்கோ ஒரு மணி அடித்தது. தவளைகள் ஏழும் வாயைத் திறந்து, தொண்டை உப்ப, மூன்றே ஸ்வரத்தில் ஒரு சின்னப் பாட்டுப் பாடின.

அடடா என்றிருந்தது. முப்பதில் பத்தில் ஒரு பங்கு மூன்று. இன்னும் இரண்டு போட்டேன். வேர்த்த கை காய்ந்தது.

“கைக்கு டாடி, தனியா சிரிக்கிறீங்க?” என்று கிண்ணத்தோடு வந்தாள். ‘கைக்கு’ என்றால் எங்கள் ஊர் உருதுவில் ‘ஏன்’.

“ஒரு வரி வந்துச்சு.”

கவிஞனாக இருப்பதில் உள்ள ஒரே வசதி இது. எந்தத் திருட்டு முழிக்கும் காரணம் தயார்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஊரிலும் அவள் போன் பேசப் போகும் நேரம், குளிக்கப் போகும் நேரம் பார்த்து மூன்று மூன்றாகப் போட்டேன். அவளுக்குத் தெரிய வழியில்லை. உலகத்தின் வாசலில் எத்தனை கண்டுபிடித்தோம் என்றுதான் எழுதியிருக்கும். பையில் எத்தனை மிச்சம் என்பது கடையில் காசு கொடுக்கப் பையைத் திறந்தால்தான் தெரியும். கடைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டவனும் நானே.

அது இரண்டாவது உலகத்தில் நடந்தது. கடையில் ஒரு சிவப்புக் குடை தொங்கியது. பன்னிரண்டு வெள்ளிக்காசு. அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது. விரித்தால் சுற்றும், அவ்வளவே. மகள் அதன் முன்னால் கீரியை நிறுத்திவிட்டு அசையவில்லை.

“டாடி, ப்ளீஸ். மஞ்சள் சாக்ஸுக்கு ரெட் அம்பிரெல்லா. எவ்ளோ க்யூட்டா இருக்கும்!”

“நக்கோ, வேண்டாம்” என்றேன். வீட்டில் கண்டிப்பு காட்டவேண்டுமானால் எனக்குத் தமிழ் போதாது. “ஏட்டி, படகுக்காரன் எவ்வளவு கேப்பான்னு தெரியுமா? கைல இருக்கறத இப்பிடி வாரி இறைச்சா நாளைக்கு யார்ட்ட போய் நிப்ப? சேத்து வைக்கணும். தேவைக்கு மட்டும் செலவு.”

இன்னும் பேசினேன். சிக்கனம் பற்றி, எறும்பு பற்றி, என் முதல் சைக்கிள் பற்றி. மூன்று காசைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் குடையை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஹவ், சரி” என்று கீரியை வெளியே நடத்தினாள். அதன்பின் எந்த ஊரிலும் கடை வாசலை மிதிக்கவில்லை. நல்ல பிள்ளை. தகப்பன் பேச்சைக் கேட்கிற பிள்ளை. இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

நான்காவது உலகத்தில் இருந்தபோது வேலைக் கடிதம் வந்தது. பூனா. மூன்று வாரத்தில் சேரவேண்டும்.

மனைவி உடனே எழுந்துபோய்ப் பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள். நான் கடிதத்தை வாங்கி, தொழில்புத்தியோடு, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துவரை படித்தேன். பணியிடம் நிர்வாகத்தின் வசதிக்கேற்ப மாறலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கம்பெனிக்கு இங்கே ஹைதராபாத்தில், கச்சிபௌலியிலும் ஓர் ஆபீஸ் உண்டு என்பது எனக்குத் தெரியும். கண்ணாடிக் கட்டடம், நெரிசல், போகவர மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் எனக்கு அப்போது சொர்க்கமாகத் தெரிந்தது. மாலையில் அவள் அலுத்து வந்து சோபாவில் விழுவாள். விழட்டுமே.

“டாடி, நான் போறதுக்குள்ள அந்த ஐலண்ட பாத்துரணும். நீங்களும் நானும் சேந்து. நெட்ல வீடியோ இருக்கும், பாக்கக் கூடாது. ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

அன்று அவள் சிநேகிதிகளுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தபோது நான்காவது கிணற்றுக்குப் பறந்து, தசமபாகம் மூன்று போட்டேன். பிறகு இன்னும் மூன்று போட்டேன். அந்த இரண்டாவது மூன்று, பொருத்தனை. கச்சிபௌலிக்கு. எங்கள் சபையில் எந்தப் போதகர் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்: ஒரு புராட்டஸ்டண்ட் தவளைக் கிணற்றில் நேர்த்திக்கடன் போடுவதாவது. ஆனால் மணி அடித்தது. தவளைகள் பாடின. வாங்கிக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

ஐந்தில் ஆறு. ஆறில் ஆறு. ஏழிலும் ஆறு. தினமும் காலையில், “கம்பெனிலேர்ந்து மெயில் எதாவது வந்துச்சா மக்கா?” என்று சாதாரணமாகக் கேட்பேன். “டிக்கெட் புக் பண்ணிட்டேன் டாடி” என்பாள், அதைவிடச் சாதாரணமாக.

ஞாயிறு மதியம் ரயில். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைசி ஊரின் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். ஏழு உலகத்திலும் சேர்த்து நான்கே நான்கு வெள்ளிக்காசைத்தான் தவறவிட்டிருந்தோம். ஹால் முழுக்கப் பெட்டியும் பையும். நடுவில் மனைவி தரையில் உட்கார்ந்து பருப்புப்பொடி டப்பாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர்பேண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். தீவு கிட்டத்தில் தெரிந்தது. விளக்கு ஒரு வீட்டுச் சன்னலில் இருக்கிறது என்பதுவரை தெரிந்தது.

படகுக்காரன் ஒரு கிழட்டு ஆமை. மெதுவாகத் தலையை நீட்டி, இருநூறு என்றான்.

“அவ்ளோதானா!” என்று மகள் துள்ளினாள். “நம்மகிட்ட டூ நாட் சிக்ஸ் இருக்கு. டாடி, நீங்க சொன்னது கரெக்ட். குடை வாங்கியிருந்தா அவுட்!”

பை திறந்தது. நூற்று எழுபத்து மூன்று.

அவள் பையை மூடித் திறந்தாள். நூற்று எழுபத்து மூன்று. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

“பக்கா இது பக்” என்றாள். “கேம்ல ஏதோ தப்பு. டாடி, ரீஸ்டார்ட் பண்றேன்.”

அணைத்துப் போட்டாள். மாறவில்லை. நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். அங்கிருந்து ஜன்னலுக்குப் போனேன். முதுகில் மனைவியின் பார்வை ஊர்வது தெரிந்தது. இருபத்தாறு வருடப் பார்வை.

“ஏங்க, இங்க வாங்க. என்ன செஞ்சீய?”

“நான் என்ன செஞ்சேன்?”

“உங்க காது செவந்திருக்கு. செவந்தா ஏதோ செஞ்சிருக்கீய.”

சொன்னேன். கிணறு, தவளை, பத்தில் ஒன்று. சொல்லும்போது அது ஒரு கவிதைபோல வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதுபோல வந்தது.

மகள் கன்ட்ரோலரோடு என் பக்கம் திரும்பினாள். “டைத்? தசமபாகமா? கேம்ல? கீரிப்பிள்ளை டைத் குடுக்குமா டாடி?”

“கீரி இல்ல. நான்தான்.”

அவள் கீரியை ஊர்க் கிணற்றுக்கு ஓட்டினாள். பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் கட்டம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள், எனக்கு நன்றாகப் புரியவேண்டும் என்று. “இதுல போடற காசு திரும்பி வராது. இதனால வேற யூஸ் ஒண்ணும் இல்ல. கண்டிப்பா போடணுமா?” என்னிடம் திரும்பினாள். “டாடி, ஆபீஸ்ல உங்க வேலை என்ன?”

“வார்னிங் படிக்கறது.”

பருப்புப்பொடி டப்பா மனைவியின் மடியில் குலுங்கியது. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கணக்கு டீச்சர் வெளியே வந்தாள். “இருங்க. ஏழு ஊரு, ஊருக்கு மூணு. இருபத்தொண்ணு. ஆனா முப்பத்து மூணுல்லா கொறையுது. மிச்சம் பன்னெண்டு எங்க?”

“நாலாவது ஊர்லேர்ந்து ஆறு ஆறா போட்டேன்.”

“ஏன்?”

மின்மினி திரையில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. நான் கன்ட்ரோலரை எடுத்திருந்தேன் போலிருக்கிறது, எனக்கே தெரியாமல்.

“கச்சிபௌலி” என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ரப்பர்பேண்டு சுற்றிய கை நின்றது. இரண்டு புத்தகம் முழுக்க எழுதி நான் ஒருவரையும் இப்படி மௌனமாக்கியதில்லை.

மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “டாடி, அவங்க கேட்டாங்க. ஹைதராபாத்தா பூனாவான்னு. நான்தான் பூனா போட்டேன்.”

“எப்ப?”

“லெட்டர் வர்றதுக்கு முன்னாலயே. சொல்லணும்னு இருந்தேன். நீங்க டெய்லி மெயில் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டீங்களா, அப்புறம் எப்பிடி சொல்றது? பொறந்ததுலேர்ந்து இதே ரோடு டாடி. ஒருக்கா வேற எங்கயாவது இருந்து பாக்கணும். அவ்ளோதான். கோவமா?”

ஆக, நான்காவது கிணற்றில் நான் முதல் பொருத்தனைக் காசைப் போடுவதற்கு முன்பே கதை முடிந்திருந்தது. தவளைகளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பாடியிருக்கின்றன. ஓரிடத்தில் நிற்காத மனுஷன் என்று என்னைப் பற்றி எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறேன். பின்னட்டையில்கூட அச்சாகியிருக்கிறது. அந்த மனுஷன், மகள் ஒரு இடம் மாறுகிறாள் என்றதும், அவள் நிற்கட்டும் என்று கிணறு கிணறாகப் போய் லஞ்சம் கொடுத்திருக்கிறான். கொடுத்து, அவளோடு பார்க்கவேண்டிய ஒரே தீவையும் தொலைத்திருக்கிறான்.

“கோவம் இல்ல” என்றேன். “வெக்கம்.”

“மிச்சம் நாலு காசையும் தேடினா?” என்றாள் மனைவி.

“நூத்தி எழுபத்தேழு, மம்மி. கணக்கு டீச்சர் நீ” என்றாள் மகள். பிறகு ஆமையைப் பார்த்தாள், தீவைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். புதிதாக ஆரம்பித்தால் ஏழு உலகம். எங்களிடம் ஒரு சாயங்காலம்தான் இருந்தது.

“சலோ டாடி” என்று நிமிர்ந்து கால்நீட்டி உட்கார்ந்தாள். “எப்பிடியும் போட் கிடையாது. செலவு பண்ணலாம்.”

கீரி இரண்டாவது உலகத்துக்கு ஓடியது. நான் பின்னால் பறந்தேன். சிவப்புக் குடையை வாங்கினாள். விரித்தாள். சுற்றியது. உண்மையிலேயே ஒரு பிரயோசனமும் இல்லை, அத்தனை அழகாக இருந்தது. பிறகு ஊர் ஊராகப் போனோம். தொப்பிகள், வாத்துக் குரலில் ஊதும் ஒரு குழல், கீரியின் வீட்டுக்குத் திரைச்சீலை. “பச்சை வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்” என்று மனைவி பொடி டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு முன்னே நகர்ந்து வந்தாள். “அந்தப் பூப்போட்டது. வெல கேளுங்க. கொறைப்பானா?” குறைக்கமாட்டான் என்று நான் விளக்கினேன். கேட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றாள் அவள். வாழ்நாளில் எங்கள் குடும்பம் தேவையை யோசிக்காமல் பொருள் வாங்கிய முதல் கடைவீதி அது.

கடைசியில் மூன்று காசு மிஞ்சியது. படகுத்துறை ஊருக்குத் திரும்பியபோது மகள் கீரியைக் கிணற்றடியில் நிறுத்தினாள்.

“போடுங்க.”

“வேண்டாம் மக்கா.”

“போடுங்க டாடி. அப்பிடி என்னதான் இருக்குன்னு நானும் பாக்கணும்.”

மஞ்சள் கட்டத்தை இந்த முறை மூன்று பேருமாகப் படித்தோம். போட்டேன். மணி அடித்தது. தவளைகள் தொண்டையை உப்பின.

“அய்யோ, பாடுது!” என்று அவள் என் முட்டியில் அடித்தாள். “இத தனியாவா கேட்டுட்டிருந்தீங்க?”

அந்தக் குற்றத்துக்குத்தான் அவள் குரலில் முதல்முறையாக உண்மையான கோபம் இருந்தது.

பிறகு கீரியைத் துறையின் நுனிக்கு நடத்திவிட்டு, கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். டீ வந்திருந்தது. நானும் வைத்தேன். ஒரு நிமிடம் யாரும் எதையும் தொடவில்லை. திரையில் கீரிப்பிள்ளை தானாகவே உட்கார்ந்து, மஞ்சள் கால்களைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டது. சிவப்புக் குடை தோளில் சாய்ந்தது. மின்மினி இரண்டு சுற்றுச் சுற்றி, இறங்கி, குடையின் கைப்பிடியில் உட்கார்ந்து, வெளிச்சத்தை மெல்லக் குறைத்தது.

“அரே, இது உக்காருமா?” என்றாள் மகள்.

“எனக்கும் இப்பதான் தெரியும்.”

நான்கு மாதமாக நான் அதை ஒரு நொடிகூடச் சும்மா விட்டதில்லை. எதிரே தீவில், சன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யார் வீடு என்று தெரியாது. டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஆராதனையில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் இருந்தோம். பெட்டிகள் வீட்டு வாசலில் தயாராக இருந்தன. காணிக்கைப் பை வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. என் முறை வந்தபோது மகள் சாய்ந்து, பாட்டுச் சத்தத்துக்குள் என் காதில் கேட்டாள்.

“வார்னிங் படிச்சீங்களா டாடி?”

மனைவியின் தோள் குலுங்கத் தொடங்கியது. நான் கவரைப் பைக்குள் விட்டுவிட்டுப் பையை மகளிடம் கொடுத்தேன். ஒரு மணிக்கு ரயில்.